அளவெடுத்துக் கட்டிய டென்ட்

கணுக்காலில் சாக்பீஸ் உரசினால் ஒரு கூச்சம் வரும் பாருங்கள்... சில்லென்று, எறும்பு ஊர்வது போல. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த நான் அந்தக் கூச்சத்தில்தான் கண் விழித்தேன்.

அப்பா என் காலடியில் முட்டிபோட்டு உட்கார்ந்து தரையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் அம்மாவைச் சுற்றியும் கோடு. அந்தப் பக்கம் அண்ணனைச் சுற்றியும் கோடு. டிவியில் கொலை நடந்த இடத்தில் போலீஸ் போடுமே, அதே மாதிரி...

"ஆடாம படுடி. அளவு தப்பிடும்" என்றார்.

எனக்கு அப்போது பத்து வயது. ஒன்றும் புரியவில்லை. அம்மா எழுந்து பார்த்துவிட்டு, "என்னங்க இது, உயிரோட இருக்கும்போதே..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அப்பா சாக்பீஸை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தானும் நீட்டிப் படுத்தார். "எனக்கும் போடு."

விஷயம் இதுதான். அப்பாவுக்குத் துவாக்குடியில் டிராக்டர் டிரெய்லர் செய்கிற பட்டறையில் வெல்டர் வேலை. பெரும்பாலும் நைட் ஷிப்ட். அவர் ஸ்ரீரங்கம் வந்து சேர்வதற்குள் நாங்கள் ஸ்கூலுக்குப் போயிருப்போம். நாங்கள் திரும்பும்போது அவர் கிளம்பிக்கொண்டிருப்பார். நாலு பேரும் ஒரே நேரத்தில் தூங்குவது ஞாயிறு மதியம் மட்டும்தான்.

அண்ணன் அப்போது பத்தாவது. ப்ளஸ் டூ முடிந்ததும் சென்னையில் ஹாஸ்டல் என்று பேச்சு. அதற்குள் நாலு பேரும் பச்சமலையில் ஒரு ராத்திரி ஒன்றாகத் தங்கிவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரு பிடிவாதம். அதற்காகத் தன் கையாலேயே ஒரு டிரெய்லர், அதன்மேல் மடக்கி விரிக்கிற டென்ட்.

"வீட்ல பாய் இருக்கு, ஃபேன் இருக்கு. அதை விட்டுட்டு மலையில போய் எதுக்குங்க படுக்கணும்?"

"படுத்தாத் தெரியும்."

அதற்குமேல் பதில் வராது. அம்மாவுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை, தெருவுக்குச் சுத்தமாகப் புரியவில்லை. வாசலில் இரும்புச் சட்டம் எழும்ப எழும்ப, போகிறவர்கள் எல்லாம் நின்று, "டிபன் கடையா சார்? எப்ப திறக்கறீங்க?" என்று கேட்டார்கள். எதிர்வீட்டு மாமா மட்டும் பவ்யமாக, "பெருமாள் புறப்பாட்டுக்கு ஏதாவது கைங்கர்யமா?" என்றார். அப்பா அதற்கும் தலையை ஆட்டிவைத்தார்!

அவரிடம் அளவு என்றால் அளவுதான். ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது. எங்கள் சட்டை துணிமணிகூட அப்படித்தான். டெய்லர் கொஞ்சம் தாராளமாக வைத்துவிட்டால் சண்டைக்கே போவார். படுக்கும் பலகைகளையும் அந்த சாக்பீஸ் கோட்டின்படியே அறுத்தார். அப்பாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒன்று.

ஞாயிறு ஞாயிறாக வேலை நடந்து இரண்டு வருஷத்துக்குமேல் ஓடிவிட்டது. ஏறிப் பார்க்கிறோம் என்றால், "பெயின்ட் காயல" என்பார்.

கடைசியில் அண்ணன் ஹாஸ்டலுக்குப் போக ஒரு வாரமே இருக்கும்போது கிளம்பினோம். பட்டறை முதலாளியின் ஜீப், பின்னால் எங்கள் டிரெய்லர். கொள்ளிடம் பாலம் தாண்டி, மண்ணச்சநல்லூரில் நெல் அவியும் வாசனைக்குள் புகுந்து, துறையூர் வழியாக மலை ஏறும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

அப்பா இரண்டு இரும்புப் பின்களை உருவினார். பலகைகள் பக்கத்துக்கொன்றாக விரிந்தன, பைப்புகள் நிமிர்ந்தன, தார்ப்பாய் விறைப்பாக ஏறி நின்றது. "பரவால்லையே!" என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அப்பா முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"படுங்க, படுங்க... அவங்கவங்க இடத்துல படுங்க."

அண்ணன் படுத்தான். கணுக்காலுக்கு மேலேயே இரண்டு காலும் டென்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"மேல ஏறிப் படுடா."

"தலை பைப்ல இடிக்குதுப்பா."

அப்பா டேப்பை எடுத்துப் பலகையை அளந்தார். பாக்கெட்டிலிருந்த பழைய அளவுச் சீட்டைப் பார்த்தார். மறுபடி அளந்தார். "அஞ்சடி ஒரு அங்குலம். கரெக்டாத்தான் இருக்கு... கரெக்டாத்தானே இருக்கு?" யாரைக் கேட்கிறார் என்றே தெரியவில்லை. மூன்றாவது முறையும் அளந்தார்.

"பலகையை எத்தனை தடவைங்க அளப்பீங்க? புள்ளைய அளங்க" என்றாள் அம்மா.

அளந்தார். அஞ்சடி எட்டு அங்குலம்.

டேப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "எப்ப வளந்தான்?"

"தினமும்தாங்க."

அண்ணன் சிரித்துக்கொண்டே, "பரவால்லப்பா, காத்தோட்டமா இருக்கு" என்றான். அப்பா சிரிக்கவில்லை. தன் போர்வையை எடுத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கால்களைச் சுற்றிக் கட்டிவிட்டு, போர்வை இல்லாமலேயே படுத்தார்.

அடுத்த வாரம் அண்ணன் சென்னைக்குப் போய்விட்டான். அப்புறம் வேலை, கல்யாணம்... நாலு பேரும் சேர்ந்து அதில் படுக்க இன்னொரு நாள் அமையவே இல்லை.

இப்போது என் வீட்டில் ஆன்லைனில் வாங்கிய டென்ட் இருக்கிறது. இரண்டு நிமிஷத்தில் விரிகிறது. நாலு பேருக்கு என்று உறையிலேயே போட்டிருக்கிறது. எந்த நாலு பேர் என்று அந்தக் கம்பெனி யாரையும் அளக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு வருஷக்கணக்காகக் குழப்பமாகவே இருந்தது. ஒரு நூல் பிசகினால் டெய்லரோடு மல்லுக்கு நின்ற மனுஷன், எங்களுக்கு எடுக்கிற துணியெல்லாம் ஒரு சைஸ் பெரிதாகவே எடுக்க ஆரம்பித்திருந்தார். வயசாகிவிட்டது, அளவு மறந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன தீபாவளிக்கும் அப்படித்தான். அண்ணன் சட்டையைப் போட்டுப் பார்த்தான். கை, விரல் நுனிவரை வந்தது.

"நாப்பது வயசாச்சுப்பா. இனிமே எங்க நான் வளரப் போறேன்?"

"இருக்கட்டும்டா" என்றார் அப்பா. "எங்களுக்குத் தெரியாமலே வளந்துடுவீங்க."

அண்ணன் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு, அன்று முழுக்க அந்தச் சட்டையிலேயே இருந்தான்.