ஊற்ற ஆளில்லாத நீர்மாலை

அவன் செத்துப்போனதை அவனுடைய அம்மாதான் போனில் சொன்னார். மகனோடு ஒரே அறையில் தங்கி வேலை பார்த்த பையன், அவ்வளவுதான் அந்த அம்மாவுக்கு என்னைப் பற்றித் தெரியும். எனக்கும் அவனுக்கும் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் இரும்புக் கம்பெனி வேலை, எலப்புள்ளியில் வாடகை அறை. மூன்று வருஷம் புருஷன் பொண்டாட்டி மாதிரித்தான் இருந்தோம்.

பிறகு ரத்தப் பரிசோதனையில் அவனுக்கு எய்ட்ஸ் கிருமி இருப்பது தெரிந்தது. எனக்கு இல்லை. மாத்திரையை விடாமல் போட்டால் எல்லோரையும் போல வாழலாம், தொட்டால் ஒன்றும் ஒட்டாது என்று நர்ஸ் அக்கா இரண்டு முறை சொன்னார். நானும் தலையாட்டினேன். அன்றைக்கே என் பாயைச் சுவரோரம் தள்ளிப் போட்டேன்.

"பரவால்ல, பாதி ரூமாச்சும் எனக்குக் குடுத்தியே" என்று அவன் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாலக்காடு கோட்டை மைதானத்தில் எங்களைப் போல ஆறு பேர் கூடுவோம். ஒருத்தனை ஒருத்தன் மதனி, நாத்தனார் என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருப்போம். விஷயம் தெரிந்ததும் ஒவ்வொருத்தனாக வராமல் போனான். அவன் நம்பரை அழித்தார்கள். பரிசோதனைக்கு மட்டும் ஒருத்தனும் போகவில்லை.

அவன் தன் ஊரான சாந்தன்பாறைக்குத் திரும்பிப் போனான். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் மறுபடி மைதானத்துக்கு வந்தார்கள். ஏலத்தோட்ட லயத்தில் வீடுகள் வரிசையாக ஒட்டி இருக்கும். பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். டப்பாவில் மாத்திரை குலுங்கினால்கூடக் கேட்டுவிடும் என்று பயந்து மாத்திரையையே நிறுத்திவிட்டான். கடைசியில் காசம் வந்தது.

ஒரு வருஷமாக நான் அவனைத் தொடவில்லை. ஒரு தடவையாவது தொட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன்.

லயத்து வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் சுற்றிய துணிகூட அவிழ்க்கவில்லை. இறந்தவரைக் குளிப்பாட்டச் சொந்தக்காரர்கள் குடத்தில் எடுத்து வரும் தண்ணீரை அங்கே நீர்மாலை என்கிறார்கள். ஏழு குடம் வந்திருந்தது. எல்லாம் தரையில் இருந்தன.

"தண்ணி எடுத்தாச்சு. ஊத்துறது யாருப்பா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

அவன் அண்ணன் கீழே பார்த்தபடி, "எனக்குப் பிள்ளைக இருக்கு சித்தப்பா" என்றார்.

"ஒண்ணும் ஆகாதுன்னுதான ஆஸ்பத்திரில சொன்னாக?"

"அவுகளுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாக."

அம்மா எழுந்திருக்கப் பார்த்தார். இரண்டு பெண்கள் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"நான் ஊத்தட்டுங்களா?" என்றேன்.

"நீ யாரு தம்பி?"

"கூட வேல பாத்தவனுங்க."

"பங்காளிதான் ஊத்தணும்..." என்று பெரியவர் இழுத்தார். குடங்களைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "சரி, ஊத்து."

துணியை அவிழ்த்தேன். எலும்புதான் இருந்தது. தலையைத் தூக்கி என் கைமேல் வைத்துக்கொண்டு சீயக்காய் தேய்த்தேன். கழுத்து, அக்குள், முதுகு, எல்லாம் எனக்குத் தெரிந்த இடங்கள். வெளியே நாலு பேர் பார்க்க நான் அவன் கையைக்கூடப் பிடித்ததில்லை. இப்போது லயமே பார்த்துக்கொண்டிருந்தது.

"ரூமுக்காரனாம். கட்டுனவ மாதிரியில்ல குளிப்பாட்டுறான்" என்று பின்னால் ஒருத்தர் சொன்னார். யாரோ சிரித்தார்கள். நான் திரும்பவில்லை.

துடைத்து முடித்ததும், வரும் வழியில் பூப்பாறையில் வாங்கிய வேட்டியைப் பையிலிருந்து எடுத்தேன். அண்ணன் குறுக்கே கையை நீட்டினார்.

"கோடி போட மாமன் வீட்டுக்காரங்க இருக்காங்க தம்பி. நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க."

தள்ளி நின்றேன். ஒவ்வொருத்தராக வந்து, மேலே விரல் படாமல், புதுத்துணியைப் போட்டுவிட்டுப் போனார்கள். அவன் முகம் தெரியாமல் போகும்வரை பார்த்தேன்.

திரும்பும் பஸ்ஸில் போன் வந்தது. அந்த ஆறு பேரில் ஒருத்தன்.

"பாத்தயாடா?"

"பாத்தேன்."

"தொட்டயா?"

"நாந்தான் குளிக்க வெச்சேன்."

"ஊட்டுக்குப் போயி நல்லா சோப்புப் போட்டுக் குளிச்சுப்போடு. ரெண்டு வாரம் இந்தப் பக்கம் வராத. பசங்க ஒரு மாதிரி பயப்படறாங்க" என்றான்.

"நீ டெஸ்ட் எடுத்தயா?" என்று கேட்டேன்.

வைத்துவிட்டான். திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.