மருந்தில்லாத ஊசி

எண்பதுகளில் திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். ஊசி போடுவதில் எனக்குக் கைராசி என்று பெயர். பிரம்மதேசத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள்கூட நான் இருக்கிறேனா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். அப்படிப்பட்டவனின் மனைவி, தலைவலிக்கு விழுப்புரத்தில் ஒருவரிடம் போய் அக்குபஞ்சர் ஊசி குத்திக்கொண்டு வந்தாள். மூன்றாவது தடவை போய் வந்ததும், "இப்ப எவ்ளோ தேவலாம்" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த தடவை நானும் கூடப் போனேன். முடி மாதிரி மெல்லிய ஊசிகளை அவர் அவள் கையிலும் காலிலும் நிறுத்தினார். தலைவலிக்குக் கையில் எதற்கு என்று கேட்டேன்.

"நரம்பத் தூண்டினா வலிய அடக்குறது ஒண்ணு உடம்புலயே சுரக்குதுன்னு சொல்றாங்க. முழுசா யாருக்கும் தெரியாதுங்க. பாதி நம்பிக்கையாவும் இருக்கலாம்" என்றார். அந்த ஆள் மழுப்பியிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

திரும்பும் பஸ்ஸில் ஆரம்பித்தேன். "பாத்தியா, அவனே சொல்லிட்டான். ஊசியில மருந்தே இல்ல. எல்லாம் நம்பிக்கைதான்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஊசி போட்டாத்தான் போவேன்னு அடம் புடிக்கிறவங்களுக்கு வெறும் தண்ணிய ஏத்தி அனுப்பிட்டு, வூட்ல வந்து சிரிச்சிக்கினு சொல்வீங்களே. அதுல என்னா மருந்து இருந்துச்சி?"

நான் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"அவரு மொத நாளே கேட்டாரு, என்னிக்கிலேர்ந்து வலிக்குதுன்னு" என்றாள். "நீங்க இன்னும் கேக்கல."