ஸ்டெல்லாக்கா முகத்தில் கை வைக்காதீர்கள்

ஸ்டெல்லாக்கா போய்விட்டார். இன்று காலை, தூக்கத்திலேயே...

வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் சுற்றுகிறது. ரோஜாப்பூ, மெழுகுவர்த்தி, நடுவில் யாரோ ஒரு வெள்ளைக்காரி. அது அக்கா இல்லை. தயவுசெய்து அதைப் பகிராதீர்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜார்ஜ்டவுனில் நானும் அவரும் ஒரே ஸ்டூடியோவில் வேலை பார்த்தோம். ஃபிலிம் காலம். கல்யாணங்களில் அவர் போட்டோ, நான் வீடியோ.

ஒருநாள் முதலாளி புது கேமரா கொண்டுவந்தார். “எல்லாம் ஆட்டோ லா. நீ சும்மா அமுக்கினா போதும்.”

அக்கா தொடவே இல்லை. “அதுக்குக் கவுனுதான் தெரியும் முதலாளி. பொண்ணு தெரியாது.”

முதலாளிக்குக் கோபம். அடுத்த சர்ச் கல்யாணத்துக்கு அவரே அதைத் தூக்கிக்கொண்டு போனார். பைராம் தோட்டத்துப் பெண். நம் நிறம், வெள்ளைக் கவுன்.

ஆல்பம் வந்தது... கவுனில் இருந்த ஒவ்வொரு முத்தும் பளிச்சென்று தெரிந்தது. முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும். அவ்வளவு வெள்ளையைப் பார்த்த கேமரா, வெளிச்சம் அதிகம் என்று தானாகவே குறைத்துவிட்டது.

பெண்ணின் அம்மா என்ன சொன்னார் தெரியுமா? “பரவால்லைங்க. எம்பொண்ணு கருப்பு, அதான் போட்டோல விழல.”

அக்காவுக்கு வந்ததே கோபம்! கடையில் எல்லார் முன்னாலும் கத்தினார். “கருப்புன்னா விழாதா? யாரு சொன்னா? கேமராவுக்குப் பாக்கத் தெரியலன்னா ஒங்க பொண்ணு என்ன பண்ணும்?”

அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணுக்கு மறுபடி கவுன் மாட்டி சர்ச் வாசலில் நிறுத்தினார். தன் பழைய மேனுவல் கேமராவை அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெளிச்சம் பார்த்தார். லென்ஸ் வளையத்தைத் திருப்பினார். டிக்.

“கவுன விடு மணி. மொகத்தப் பாரு” என்றார் பக்கத்தில் நின்ற என்னிடம்.

அந்தப் படத்தில் கவுன் கொஞ்சம் வெளுத்துத்தான் போனது. போகட்டுமே. அந்தப் பெண் கருப்பாக, அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அக்கா ஓட்டியது ஆட்டோ கியர் கார்! “இதுமட்டும் எப்படிக்கா?” என்று கிண்டல் செய்வேன்.

“காலு வலிக்குது லா. கார் என்ன என் மூஞ்சியயா பாக்கப்போவுது?”

இன்று செபராங் ஜெயாவில் அவர் வீட்டுக்குப் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் அதே வெள்ளை முகம், ஃபிரேம் போட்டு. அவர் தங்கை மகன்தான் அக்கா படத்தைப் போனில் தேடிக் கொடுத்தவன்.

“நான் ஒண்ணும் பண்ணல அங்கிள். போனே ஆட்டோவா வெள்ளையாக்கிருச்சு.”

ஆட்டோவாம்!

சாவு வீடு என்றும் பார்க்காமல் சத்தம் போட்டேன். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

வீட்டுக்குத் திரும்பிப் போய், அக்காவின் கேமராவில் நான் அவரை எடுத்த படத்தைக் கொண்டுவந்தேன். ஈஸ்டர் அன்று எடுத்தது, வெள்ளைச் சேலையில். ஃபிரேமில் இருந்ததை உருவிவிட்டு இதை வைத்தேன்.

அவர் தங்கை எழுந்து பக்கத்தில் வந்து பார்த்தார்.

“இப்பத்தான் அக்கா வந்திருக்கு” என்றார். அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகையே வந்தது. எனக்கும்...

கீழே இருப்பது அந்தப் படம். பகிர்வதென்றால் இதைப் பகிருங்கள். ஃபில்டர் போட்டால் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

போய்ட்டு வாங்கக்கா. சேலைய விட்டுட்டேன்... மொகத்தப் பாத்துத்தான் எடுத்தேன்.