அடிக்காத மணி

மணி அடிப்பதற்கு முன்பே எஞ்சினைத் திருப்பிவிடுகிறவள் என்று இமாபரி ஊர்ப் பக்கத்துத் துறைமுகங்களில் ஹிசாயேக்கு ஒரு பேர் உண்டு. கல் ஏற்றும் சின்னக் கப்பல் அவர்களுடையது. மேலே சுக்கான் பிடிப்பவர் புருஷன் தொராவோ. கீழே எஞ்சினுக்கு இவள். கயிறு வீசக் கொழுந்தன் கிஜிரோ. தாயில்லாமல் இவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன்.

மேலேயிருந்து உத்தரவு மணியாகத்தான் வரும்: முன்னே, நிறுத்து, பின்னே, வேலை முடிந்தது. இருபது வருஷம் சேர்ந்து குப்பை கொட்டியவளுக்கு மணி எதற்கு? கரையை நெருங்கினால் 'நிறுத்து', மூச்சு விடுவதற்குள் 'பின்னே'.

"நான் நெனச்சா போதும்டா, எம்பொண்டாட்டி திருப்பிருவா" என்று சாக்கே சாராயக் கடையில் தொராவோ அளப்பார். இவளுக்கும் அதில் தலைகால் புரியாத பெருமை. வினை அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

அன்று 'நிறுத்து' வந்தது. நிறுத்தினாள். அடுத்த மணியைக் காணோம்.

"மேல தூங்குறாரா மனுஷன்? கரையில கொண்டுபோய் முட்டப்போறாரு!" என்று முணுமுணுத்தபடி எஞ்சினைப் பின்னோக்கிக் கிளப்பினாள்.

மணி அலறியது. நிறுத்து. நிறுத்து. நிறுத்து. மேலேயிருந்து எஞ்சின் அறைக்குப் பேசும் குரல் குழாயில் தொராவோ கத்தினார்: "அடிப்பாவி, யாருடி திருப்பச் சொன்னா? கிஜிரோ தண்ணிக்குள்ள விழுந்துட்டான்! கப்பல் விசிறிகிட்ட கிடக்கான்!"

எஞ்சின் நெம்புகோலை அறைந்து தள்ளினாள். அவ்வளவு பெரிய எஞ்சின் சொன்னவுடன் நின்றுவிடுமா? கப்பலடியில் விசிறி நாலைந்து சுற்று சுற்றித்தான் அடங்கியது. கப்பல் கரையில் இடித்து அதிர்ந்தது.

"இருக்கானா? சொல்லுங்களேன், இருக்கானா?"

குழாயில் காதை வைத்தாள். மேலே ஓடும் காலடிச் சத்தம்தான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்க்கக் கால் பறந்தது. இடத்தை விட்டால் அடுத்த உத்தரவுக்கு ஆளில்லை. நெம்புகோலைப் பிடித்தபடி, கொன்றுவிட்டேனே, என் கையாலேயே கொன்றுவிட்டேனே என்று புலம்பினாள்.

ஏணியில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு கால் இறங்கியது. பிறகு இன்னொன்று.

"அண்ணி, ஒரு பூட்ஸ் போச்சு. புதுசு. நீங்கதான் வாங்கித் தரணும்."

"காலைக் காட்டுடா. ரெண்டையும்."

காட்டினான். குதிகாலில் கீறல், ரத்தம். விரல்களெல்லாம் இருந்தன. ஹிசாயே வாய்விட்டு அழுதாள்.

பின்னாலேயே தொராவோ வந்தார். "கயிறு கட்டியாச்சு. வேலை முடிஞ்சுது. கையை எடுத்துட்டு மேல வா."

அவள் கை அசையவில்லை. "வாயால சொல்லாதீங்க. மேல போய் மணி அடிங்க."

தொராவோ ஏணியேறினார். மணி அடித்தது: வேலை முடிந்தது. உத்தரவு கேட்டாயிற்று என்று அவள் மறு கையால் பதில் மணி அடித்தாள். அப்புறமும் நெம்புகோலில் இருந்த கை விரியவில்லை. கிஜிரோதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டான்.