மணமேடைக்குச் செய்த பூக்கள்

எங்கள் அண்ணனின் கருமாதிக்கு மழையையும் வழுக்கும் பாதையையும் பாராமல் வந்து, இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் தோட்டத்து மக்களுக்கும் பதுளையிலிருந்து வந்திருக்கும் டீச்சரம்மாவுக்கும் முதலில் என் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுத வேறு யாராவது கிடைப்பார்களா என்று தேடிப் பார்த்தோம். எங்கள் வீட்டில் வாய் நீளமானவள் நான்தான் என்று பேனாவையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அவருக்கு நான் ஒரே தங்கை. கூடப் பிறந்தவர்கள் வேறு யாரும் இல்லை.

அண்ணன் பிறந்தது லுணுகலைக்கு மேலே, நாம் இன்று கூடியிருக்கும் இதே லயத்து வரிசை வீட்டில்தான். அப்பா காய்ச்சலில் போனபோது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். அம்மா கொழுந்து பறிக்கும் சம்பளத்தில் மூன்று வயிறு நிறையாது என்று தெரிந்ததும் யாரையும் கேட்கவில்லை. புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, மறுநாள் வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டில் போய் ஆட்களோடு வரிசையில் நின்றார். பிறகு தேயிலை ஸ்டோரில், கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். தான் விட்ட படிப்பை என்னை விடவே விடவில்லை. பதுளையில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். தனக்கென்று ஒரு குடும்பத்தைத் தேடிக்கொள்ளவும் இல்லை. கேட்டால், "ஒன்னைய வச்சு மேய்க்கிறதே போதும்" என்பார்.

குடி, சீட்டு, வெற்றிலை எதுவும் அவரிடம் இல்லை. வேலை முடிந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் கை மட்டும் சும்மா இருக்காது. பிஸ்கட் டின்னை வெட்டி விளக்குக்கூடு செய்வார், சிரட்டையைத் தேய்த்துக் கிளி செய்வார், பழைய சேலையைக் கிழித்துக் கால்மிதி பின்னுவார். மழைக்காலத்தில் எங்கள் காம்பராவில் காலை வைக்க இடம் இருக்காது. அம்மா திட்டிக்கொண்டே கூட்டுவார், கூட்டிக்கொண்டே அழகாக வந்ததை எடுத்துச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைப்பார்.

இவற்றில் எல்லாம் அவருக்கு நன்றாகக் கைவந்தது காகிதப் பூ. கிரேப் பேப்பரை வெட்டி, ஒவ்வொரு இதழையும் விரலால் இழுத்து வளைத்து, மெல்லிய கம்பியில் சுற்றி, உருக்கிய மெழுகில் தோய்த்து எடுப்பார். மெழுகு ஏறிய பூ எங்கள் ஊர் மூடுபனியிலும் தொங்கிப் போகாது. ஆரம்பத்தில் கோயில் திருவிழாவில் சாமித் தேருக்குத்தான் அந்தப் பூக்களைச் செய்து கொடுத்தார்.

ஒருமுறை லயத்தில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பாடைக்குப் பூ அலங்காரம் செய்கிறவர் ஊரில் இல்லை. துக்க வீட்டார் வந்து கேட்டார்கள், அண்ணனும் ஒரே இரவில் செய்து முடித்தார். கம்பு தெரியாமல் பூவாலேயே மூடியிருந்த அந்தப் பாடையைப் பார்க்கத் தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். அன்றிலிருந்து சுற்றியுள்ள தோட்டங்களில் யார் கண்ணை மூடினாலும் எங்கள் கதவைத்தான் தட்டினார்கள். அவரும் ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. யாரிடமும் இதற்குக் கூலி வாங்கியதும் இல்லை.

ஆனால் பாடை தொட்ட கை என்று ஆகிவிட்டது. அடுத்த திருவிழாவுக்குத் தேர்ப் பூ வேறிடத்திலிருந்து வந்தது. யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை, கூப்பிடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். கல்யாணம், சடங்கு, காதுகுத்து எதற்கும் அவருடைய பூ போகவில்லை. பந்திக்கு மட்டும் மரியாதையாக அழைப்பார்கள். இதைப் படிக்கிறவர்களில் பலர் அப்படி அழைத்தவர்கள்தான். நான் சண்டைக்கு வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் கல்யாணத்துக்காவது தன் கையால் மணமேடை அலங்கரிக்க வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டார். அப்புத்தளையிலிருந்து வந்த என் மாமியார் விஷயம் கேள்விப்பட்டதும், அந்தப் பூ மேடைக்கு வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் கல்யாணமே வேண்டாம் என்று குதித்தேன். அண்ணன்தான் என்னை அடக்கினார். செய்து வைத்திருந்த பூக்களைக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு, சமையல்கட்டுப் பக்கம் போய் வாழை இலை துடைக்க உட்கார்ந்துவிட்டார். இதை எழுதலாமா என்று அந்த அத்தையிடமே கேட்டேன். "எழுது, நான்தான சொன்னேன்" என்றார். அத்தையும் நானும் அப்படித்தான், இத்தனை வருடமாக ஒருவர் மூக்கை ஒருவர் உடைத்துக்கொண்டே ஒற்றுமையாக இருக்கிறோம். அம்மா காலமான பின்பு என் கணவர் லுணுகலையில் கடை போட்டார். அத்தையையும் சேர்த்து நாங்கள் மூவரும் அண்ணனோடு வந்து குடியேறினோம்.

ஓய்வு பெற்ற பிறகு அண்ணன் வாடிப் போவாரோ என்று பயந்தேன். பதுளையில் எனக்கு மனையியல் படிப்பித்த டீச்சரம்மா, யாழ்ப்பாணத்துக்காரர், தன் வீட்டில் சனிக்கிழமைகளில் கைவேலை வகுப்பு நடத்துவதாகக் கேள்விப்பட்டு அண்ணனைக் கொண்டுபோய் விட்டேன். துணியில் பூவேலை, கேக் அலங்காரம், இவற்றோடு ஜப்பான்காரர்களின் இக்கெபானா என்கிற பூ அலங்காரமும் அங்கே உண்டு. அகலமான தட்டில் தண்ணீர், அதற்குள் ஊசிகள் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறிய கனமான வில்லை. அந்த ஊசிகளில் இரண்டு மூன்று தண்டுகளைக் குத்தி நிறுத்துவார்கள். உயரமானது வானம், நடுவில் மனிதன், தாழ்ந்தது பூமி என்று கணக்கு. வகுப்பில் எல்லோரும் பெண்கள், அண்ணன் ஒருவர்தான் ஆண்பிள்ளை.

முதல் நாள் அவர் செய்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கொடுத்த பூ, இலை அத்தனையையும் தட்டு தெரியாமல் நெருக்கி அடைத்துவிட்டாராம். "தம்பி, இதென்ன இப்பிடி மூடிக் கட்டிப்போட்டியள்? பூவுக்கு மூச்சு விட இடம் விடுங்கோ" என்றாராம் டீச்சரம்மா. அண்ணன் யோசிக்காமல், "பாடையில கம்பு தெரியக் கூடாதுங்க டீச்சர், அந்தப் பழக்கம்" என்றிருக்கிறார். மறுவாரம் ஒருவர் வரவில்லை. அண்ணனும் நின்றுவிடுகிறேன் என்று டீச்சரம்மாவிடம் சொன்னார். வராதவர் வராமலே இருக்கட்டும், நீங்கள் இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள் என்று தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாராம் அவர்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மூங்கில், பெரணி, சவுக்குக் கிளை என்று நிரம்பியது. பலகைத் துண்டில் ஆணி அடித்து ஊசி வில்லையும் தானே செய்துகொண்டார். ஒரு தட்டில் ஒரு வளைந்த கிளை, இரண்டு பூ. லயத்து ஆட்கள் எட்டிப் பார்த்து, மீதிப் பூவை ஆடு தின்றுவிட்டதா என்று கேலி செய்வார்கள். அண்ணனும் கூடச் சிரிப்பார். எனக்கு முதலில் அது பூ வைத்த மாதிரியே தெரியவில்லை. போகப் போக, அந்தத் தட்டு இருக்கும் மூலையைக் கடக்கும்போது என் நடை தானாக மெதுவாவதைக் கவனித்தேன்.

வகுப்புக்கு வந்த ஒரு முஸ்லிம் உம்மா, பதுளையில் புடவைக்கடை வைத்திருப்பவர். அவருடைய மகனுக்கு எல்ல என்ற ஊரில் ஹோட்டல் இருக்கிறது. அவர் சொல்லி, வாரம் ஒருமுறை அந்த ஹோட்டல் வரவேற்பறையில் பூ வைக்கும் வேலை அண்ணனுக்கு வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் அந்தப் பூவோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இனி என்ன குறை என்று ஒருநாள் கேட்டேன்.

"ஹோட்டல்ல வைக்கிறது சந்தோஷந்தான் பாப்பா" என்றார். "ஆனா நம்ம லயத்துல ஒரு கல்யாணத்துக்கு வைக்கணும். ஒரே ஒரு தடவ வச்சாப் போதும்."

அவர் எதையும் கேட்கிற ஆள் இல்லை. என் நினைவில் அவர் தனக்கென்று வாய்விட்டுச் சொன்ன ஆசை அது ஒன்றுதான்.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் கணக்கப்பிள்ளை மாணிக்கம் ஐயாவின் மகள் கோமதி அந்த ஹோட்டலில்தான் வரவேற்பு வேலை பார்க்கிறாள். வாராவாரம் அந்தப் பூக்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மணமேடை அலங்காரம் எங்கள் அண்ணன்தான் செய்ய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வீட்டில் வாக்குவாதம் நடந்தது, சுவர் ஒன்றுதான் என்பதால் லயம் முழுக்கக் கேட்டது. கடைசியில் மாணிக்கம் ஐயா வெற்றிலை பாக்கோடு வந்து முறைப்படி கேட்டார். அண்ணன் எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

அதன் பிறகு வந்த நாட்களில் அவரைப் போல் சந்தோஷமாக ஒரு மனிதரை நான் கண்டதில்லை. மேடைக்கு மஞ்சளும் வெள்ளையுமாகக் காகிதத் தாமரைகள், இடையிடையே மூச்சு விட இடம் விட்டுத்தான். வாசலில் வைக்க ஒரு பெரிய தட்டில் புதிதாகப் பறித்த பூக்களால் ஜப்பான் அலங்காரம். அதைக் கல்யாணத்தன்று காலையில்தான் செய்ய முடியும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காகிதப் பூக்களை முடித்து, தேயிலைப் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். டாக்டர்களும் நர்ஸ்மாரும் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். மறுநாள் விடியும்போது அண்ணன் நம்மை விட்டுப் போனார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பாடை பற்றிய பேச்சு வந்தது. இளவட்டங்கள் கம்பும் மூங்கிலும் கட்டி முடித்தார்கள். பூ வைக்க யாருக்கும் தெரியவில்லை, அது எப்போதும் அண்ணனுடைய வேலை. அப்போதுதான் மூலையில் இருந்த பெட்டிகள் என் கண்ணில் பட்டன. இழவு வீட்டில் இருந்த பூவை, அதுவும் செத்தவர் கையால் செய்ததை எந்தக் கல்யாண வீடு தொடும்? மீண்டும் பரணில் ஏற வேண்டியதுதானே? எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. எடுத்துப் பாடையிலேயே கட்டுங்கள், அவருடைய பூ அவருக்காவது ஆகட்டும் என்று கத்தினேன். பையன்கள் ஒரு பெட்டியைத் திறந்துவிட்டார்கள்.

அந்த நேரம் மாணிக்கம் ஐயா வாசலில் வந்து நின்றார்.

"பெட்டிய மூடுங்கப்பா. அது எங்க வீட்டுக் கல்யாணத்துப் பூ. யாரும் தொடாதீங்க."

நான் அவரை என்னென்ன கேட்டேன் என்று இங்கே எழுத முடியாது. ஒரு பிணத்துக்குக்கூடப் பூ விட மனம் இல்லையா என்பதுதான் அதில் நல்ல வார்த்தை. அவர் நான் முடிக்கும்வரை நின்றார்.

"அண்ணன் எம்புள்ளைக்குன்னு செஞ்சது, தங்கச்சி" என்றார். "பாடையில வச்சு மண்ணுக்குள்ள போட நான் விட மாட்டேன். இது மேடைக்குத்தான் போகும்."

பெரியவர் ஒருவர் தீட்டு என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் அவரைப் பேசவிடாமல் என் அத்தை எழுந்தார். தன் பெட்டியைத் திறந்து, தீபாவளிக்கு வைத்திருந்த மடிப்புக் கலையாத மஞ்சள் சேலையை எடுத்து வந்து பூப்பெட்டிகளின் மேல் போர்த்தினார். பிணம் போகிற வாசலால் நல்ல காரியத்துப் பொருள் போகக்கூடாது என்று பின்கதவைத் திறந்துவிட்டார். முதல் பெட்டியை மாணிக்கம் ஐயாவின் தலையில் தூக்கி வைத்ததும் அத்தைதான். என் கல்யாணத்தில் வேண்டாம் என்றவர் அவர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு காரியத்துக்காக நான் அவரோடு இனிச் சண்டை போடாமல் இருப்பேனா என்றால் அது நடக்காது, ஆனால் சாகும்வரை மறக்க மாட்டேன்.

போன வாரம் கோமதியின் கல்யாணம் நடந்தது. துக்கக்காரர்கள் நாங்கள் போகவில்லை. டீச்சரம்மா இந்த வயதில் பஸ் ஏறி வந்து, வாசல் தட்டில் அண்ணனுக்குப் பதிலாகக் கிளை வைத்துக் கொடுத்தார். மேடையைப் படம் எடுத்துக் கோமதி அனுப்பினாள். நான் பார்த்துவிட்டு அத்தையிடம் கொடுத்தேன். நீண்ட நேரம் அவர் போனைத் திருப்பித் தரவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணனைக் கவனித்த அனைவருக்கும், குழி வெட்டிய, சுமந்த இளைஞர்களுக்கும், அடுப்பு மூட்ட விடாமல் வேளைக்கு வேளை சோறு கொண்டுவந்த லயத்துப் பெண்களுக்கும், தூரத்திலிருந்து வந்த உறவுகளுக்கும், டீச்சரம்மாவுக்கும் உம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாணிக்கம் ஐயாவுக்கும் கோமதிக்கும் நன்றி என்று எழுதினால் போதவில்லை. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

இறுதி ஊர்வலத்துக்கு வந்தவர்களில் சிலர், எத்தனையோ பேருடைய பாடைக்குப் பூ வைத்த மனிதர் வெறும் கம்பும் பச்சை மூங்கிலுமாகப் போகிறாரே என்று வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதினேன். வருத்தப்படாதீர்கள். எங்கள் அண்ணனின் பூக்கள் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது.