நானுஓயாத் திருப்பத்தில் நின்ற இந்தியாக் கார்

ஹட்டனில் சவாரியை இறக்கிவிட்டு நின்றிருந்தேன். புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, "ஒங்க சவரிமுத்து அண்ணே காலையில போய்ட்டாராம், மாரடைப்பாம்" என்று கத்திவிட்டுப் போனார். கல்யாணச் செய்தியைக்கூட யாரும் அவ்வளவு சத்தமாகச் சொல்லமாட்டார்கள். அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கொட்டகலை ஸ்டேஷன் வாசலில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் வாடகைக் கார் நிறுத்தியவர்கள். என் சவாரியை அவர் தட்டிக்கொண்டு போவார். அவர் வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டில் பாதியை நான் தட்டிக்கொள்வேன். அவர் காரில் ஏறியவர்களுக்கு ஒரு சட்டம் தெரிந்திருக்கும்: ஏற்றத்தில் யாரும் வாய் திறக்கக்கூடாது. "வண்டி மூச்சு வாங்குது, நீங்க கொஞ்சம் மூச்சப் புடிங்க" என்பார். பிரசவ வலியில் துடித்த பெண்கூட அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

அவருடைய பழைய இங்கிலீஷ் கார் ஒருநாள் ஏற்றத்தில் படுத்தது, பிறகு எழவேயில்லை. அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்த காலம் அது. எது வாங்குவது என்று ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த காதர் நானாவின் டீக்கடையில் பெரிய பஞ்சாயத்து நடந்தது. "பழசா இருந்தாலும் இங்கிலீஷ் வண்டியே எடுங்க, தோட்டத்து கேட்டுல மரியாத கெடைக்கும்" என்றார் நானா. நாட்டுச் சாமானைத்தான் வாங்கவேண்டும் என்று மந்திரிமார் பேசுகிறார்களே என்று நான் இழுத்தேன். அண்ணன் சிரித்தார்.

"இங்க காரு செய்யுறதில்ல தம்பி. இந்தியாவுல செய்யுறாங்க. அத நம்ம நாட்டு வண்டின்னு சொன்னா இங்க அடிப்பாங்க. அன்னிய வண்டின்னு சொன்னா செத்துப்போன எங்க அப்பா எந்திரிச்சு வந்து அடிப்பாரு."

கடைசியில் இந்தியாக் காரையே வாங்கினார். விசாலமான வண்டி, ஒரு குடும்பமே ஏறலாம். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். அவர் முதுகைத் திருப்பியதும் அண்ணன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று பிரஜாவுரிமை இல்லாமல் கிடந்த நம் தேயிலைத் தோட்டத்துச் சனங்களை, அதற்கான விசாரணைக்கு நுவரெலியா அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். மனசு இந்த நாட்டில்தான் இருக்கிறது என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். அண்ணனின் காரில் போன ஒரு கங்காணிக்கு 'இல்லை' என்று வந்துவிட்டது. தோட்டத்து லயன் வீடுகளில் பேச்சு தீயாய்ப் பரவியது: "இந்தியாக் காருல போயி எறங்குனா, இவன் மனசு அங்கதான்னு எழுதிப்புடுவாங்களாம்!"

ஆனால் அந்தக் குடும்பங்கள் மொத்தமாக ஏற வேறு வண்டியும் இல்லை. அதனால் ஏறினார்கள். நானுஓயா தாண்டி, டவுன் தெரிவதற்கு முன்னால் வரும் திருப்பத்தில், "அண்ணே, இங்கனயே எறக்கி விட்டுருங்க" என்றார்கள். வெள்ளை வேட்டியும் புதுச் சேலையும் சேறாக, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தார்கள். அண்ணன் முதலில் கத்தினார், "காருக்கு ஏது சாதியும் நாடும்?" என்று. பிறகு கத்துவதை விட்டுவிட்டார். யாரும் கேட்காமலே அந்தத் திருப்பத்தில் வண்டி நிற்க ஆரம்பித்தது.

அவருக்கும் அழைப்பு வந்தது. சாட்சி சொல்ல நான் கூடப் போனேன். திருப்பம் வந்ததும் வண்டி நின்றது. பழக்கதோஷம் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் இறங்கிக் கதவைச் சாத்தினார்.

"சிரிக்காதப்பா. எனக்கும் பயமா இருக்கு."

இருவரும் நடந்தோம். அதிகாரி காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணம் எங்கே நடந்தது என்று கேட்டார். திருச்சிப் பக்கம் போய்ப் பெண் எடுத்து வந்ததை அண்ணன் மறைக்கவில்லை. கொட்டகலையில் பிறந்து, கொட்டகலையிலேயே ஞானஸ்நானம் பெற்றவருக்கு அந்த ஒரு பயணம் போதுமாக இருந்தது. 'இல்லை' என்று வந்தது. மேல்முறையீடு செய்தார். அதற்குப் பதில் வருவதற்குள் ஆளே போய்விட்டார்.

விசாரணை முடிந்து அன்று திருப்பத்துக்குத் திரும்பி வந்தபோது அவர் காருக்கு முன்னால் நின்று நம்பர் பலகையில் ஒட்டியிருந்த சேற்றைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"இது கப்பல்ல வந்து எறங்குன ஒடனே இலங்க நம்பர் குடுத்துட்டாங்க, பாத்தியா? நான் இங்கயே பொறந்தவன்."

அவர் அழுதது எனக்குத் தெரியும். மழை என்று சொல்லிக்கொண்டோம்.

அவருடைய மனைவி அந்தக் காரை என்னிடம் ஓட்டக் கொடுத்திருக்கிறார். அண்ணனைத் தெரிந்தவர்களே, நீங்கள் ஏறும்போது இப்போதும் பின்சீட்டில் அவர் பீடி வாசம் இருக்கும். ஏற்றத்தில் பேசவேண்டாம் என்று நானும் சொல்கிறேன். எனக்கும் விசாரணைக்கு நாள் வந்திருக்கிறது. கச்சேரி வாசலிலேயே இந்தக் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, அண்ணனுக்காகக் கதவைப் படாரென்று சாத்தவேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். நேற்று வெறும் வண்டியாகத்தான் நுவரெலியா போனேன். சவாரி இல்லை, விசாரணை இல்லை, பார்க்கவும் ஒருவரும் இல்லை. அந்தத் திருப்பம் வந்ததும் என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.