அக்காள் வயலை நான் எழுதிக்கொடுக்க இருந்தேன்

ஐந்து வருடங்களுக்கு முன், ஒரு ஆனி மாதத்தில், தென்காசிப் பதிவு அலுவலகத்தில் நடந்தது இது. குற்றாலத்தில் சீசன் தொடங்கி, அலுவலக வராந்தா வரைக்கும் சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

தோளில் சூட்டுத் தழும்போடு அக்காள் அத்தான் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஆட்களில் ஒத்துவராத கல்யாணத்தை ஊரார் முன் பேசித் தீர்த்துவிடும் வழக்கம் உண்டு; அதைத் தீர்வை என்பார்கள். அப்படியே பேசி முடித்தார்கள். அத்தான் வீட்டார் போட்ட நகை அவர்களுக்கு. அப்பா இறந்தபின், பெண்ணுக்கும் பங்கு உண்டு என்ற புதுச் சட்டப்படி அக்காள் பங்குக்கு வந்த மேலகரம் வயல் அவளுக்கே. பத்திரம் பதிந்துவிட்டால் அவளுக்கு விடுதலை.

"பத்தாவது படிச்ச பய இருக்கான். எழுத எதுக்கு வெளியாளு?" என்றார் அத்தானின் சித்தப்பா.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். பெருமை தாங்கவில்லை. முடிவு கம்பீரமாக இருக்கட்டும் என்று, வீட்டுப் பெட்டியில் கிடந்த ஒரு பழைய விடுதலைப் பத்திரத்தின் கடைசி வரியை அப்படியே பார்த்து எழுதினேன். சித்தப்பா வாசித்துவிட்டு, "ஏ, வக்கீல் தோத்தான்லே!" என்று முதுகில் தட்டினார்.

அதிகாரி முன்னால் அக்காளுக்கு வாசித்துக் காட்டும்போதுதான் அந்த வரி உறைத்தது: 'என் பெயரிலுள்ள சகல ஆஸ்தியும் இனி மேற்படியாரையே சேரும்.' மேற்படியார் என்றால் அத்தான். அப்பாவின் வயலை நானே தூக்கிக் கொடுத்திருந்தேன். வாசிப்பை நிறுத்தினேன்.

"என்னலே நிறுத்திட்ட?" சித்தப்பா காதருகே குனிந்தார். "ஒரு எழுத்து மாறுனாலும் தீர்வை கெடையாது. இப்பமே வண்டியில ஏத்திக் கொண்டுபோயிருவோம்."

வெளியே மாட்டுவண்டி பூட்டியபடி நின்றது. சொன்னால் அக்காள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் வயல் போய்விடும். அதிகாரி பக்கம் திரும்பினேன்.

"ஐயா, கடைசி வரியத் தப்பா எழுதிட்டேன். வயல் அக்காளுக்குத்தான்னு பேச்சு" என்றேன்.

"படிச்ச திமிரா?" என்று என்னை முறைத்த சித்தப்பா, "எந்திரி ஏட்டி!" என்று அக்காள் பக்கம் பாய்ந்தார்.

அக்காள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வயலு போனாப் போவுது தம்பி. அங்கன மட்டும் என்னைய அனுப்பிராத. ரேகை வைக்கேன்." பெருவிரலை மையில் அழுத்தியேவிட்டாள்.

அதிகாரி காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பயந்து வைக்கிற ரேகை எனக்கு வேண்டாம்மா." சித்தப்பாவை வெளியே போகச் சொல்லிவிட்டு அத்தானிடம் கேட்டார்: "உனக்கு இவ வேணுமா, வயல் வேணுமா?"

அத்தான் தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "ரெண்டும் வேண்டாம்யா. சித்தப்பாதான் வயலுக்கு நிக்காரு."

புதுப் பத்திரம் எழுத என் கை ஓடவில்லை. வயல் அக்காளுக்கே என்று வராந்தாவில் இருந்த எழுத்தர்தான் எழுதினார்; அதில் அக்காள் ரேகை வைத்தாள்.

வீடு வரும்வரை அக்காள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் வாசிப்பை நிறுத்தாமல் இருந்திருந்தால், தம்பி எழுதியது என்ற ஒன்றுக்காகவே அவள் கேள்வி கேட்காமல் ரேகை வைத்திருப்பாள்; அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் பேனாவைத் திறக்கும்போது இன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது.